மான்செஸ்டர் யுனைடெட் ஏன் இப்படி ஆனது? காரைக்குடியில் ஒரு லிவர்பூல் ரசிகனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி மைதானத்தில், செக்காலை ரோட்டு டீக்கடையில், மேட்ச் பார்க்கக் கூடும் நண்பர் வீட்டில், எங்கே போனாலும் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சின்னப் பசங்க முதல் வட்டிக்கடை வைத்திருக்கும் பெரியவர் வரை கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக, அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். இங்கிலாந்துக் கால்பந்தில் நான் லிவர்பூல் கிளப்பின் ரசிகன். எதிரி கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட் தோற்றால் சந்தோஷப்படுகிறவன். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

அண்ணே, யுனைடெட் நிஜமாவே பெரிய டீமா? நான் பாக்க ஆரம்பிச்சதுலேருந்து அடிதானே வாங்கிக்கிட்டு இருக்காங்க?

பெரிய டீம்தான் தம்பி. 20 முறை இங்கிலாந்து லீக் சாம்பியன், 1968, 1999, 2008 என மூன்று முறை ஐரோப்பிய சாம்பியன். 1986 நவம்பரில் அலெக்ஸ் ஃபெர்குசன் மேனேஜராக வந்தபோது யுனைடெட்டிடம் 7 லீக் பட்டங்கள், லிவர்பூலிடம் 16. அவர் 2013-ல் ஓய்வு பெற்றபோது அவர்களுக்கு 20, எங்களுக்கு 18. எங்கள் கண் முன்னாலேயே எங்களைத் தாண்டிப் போனார்கள், அந்த வருஷங்களில் லிவர்பூல் ரசிகனாக இருந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

2013-க்கு அப்புறம் ஒரு லீக் பட்டம்கூட இல்லை. 2024-25 சீசனில் 42 புள்ளிகளோடு 15-ஆவது இடம். 1974-ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்ட பிறகு அவர்களுக்கு இவ்வளவு மோசமான லீக் சீசன் இருந்ததில்லை. அதே 2025-ல் லிவர்பூல் 20-ஆவது பட்டத்தை ஜெயித்துச் சமன் செய்துவிட்டது.

கிளேசர் கிளேசர்னு எல்லாரும் திட்டுறாங்களே, யாரு அவங்க?

அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் கிளேசரும் அவருடைய ஆறு பிள்ளைகளும். அமெரிக்கன் ஃபுட்பால் டீமான டாம்பா பே பக்கனீர்ஸை 1995-ல் வாங்கிய குடும்பம். 2003-லிருந்து யுனைடெட் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 2005 மே மாதம் கிளப்பை மொத்தமாக வாங்கிவிட்டார்கள். மால்கம் 2014-ல் காலமானார். இப்போது கிளப்பில் முன்னால் நிற்பவர்கள் மகன்கள் ஜோயலும் ஆவ்ரமும்.

கடன்ல வாங்குனாங்கன்னு சொல்றீங்க. எல்லாரும் கடன்லதானே எதையும் வாங்குறோம், அதுல என்ன தப்பு?

வாங்குகிறவர் தன் பெயரில் கடன் வாங்கித் தானே அடைத்தால் ஒரு தப்பும் இல்லை. இங்கே நடந்தது வேறு. கானாடுகாத்தானில் நல்ல நிலையில், கடனே இல்லாமல் ஒரு பெரிய வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வாங்க ஆசைப்படுகிறவர் தன் பணம் கொஞ்சம் போடுகிறார், மிச்சத்துக்கு அந்த வீட்டையே அடமானம் எழுதிக் கடன் வாங்கி விற்றவருக்குக் கொடுக்கிறார், அப்புறம் வீட்டை சினிமா ஷூட்டிங்குக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விட்டு வருகிற காசில் வட்டி கட்டுகிறார். வாடகை நன்றாகத்தான் வருகிறது. ஆனால் ஓடு மாற்ற, தேக்குத் தூணைப் பராமரிக்க, சுவருக்கு வெள்ளையடிக்கக் காசு மிஞ்சுவதில்லை, ஏனென்றால் அந்த வீடு தன்னை வாங்கிய கடனைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறது.

யுனைடெட் கதை இதேதான். 2005-ல் கிளப்பின் மொத்த மதிப்பு சுமார் 79 கோடி பவுண்ட், அதில் பாதிக்கு மேல், சுமார் 54 கோடி பவுண்ட், கடன். அதன் பெரும்பகுதி கிளப்பின் சொத்துகள் மீதே ஏறியது. அதற்கு முன்னால் அந்தக் கிளப்புக்குக் கடனே கிடையாது, ஆண்டுதோறும் லாபம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏம்ப்பா, நானும் நாப்பது வருஷமா கொடுக்கல் வாங்கல் பாக்குறேன். வாங்குறவன் கடனை வாங்குன சாமான் தலையில கட்டுறதை அந்த ஊர்ச் சட்டம் எப்படி விட்டுச்சு?

ஐயா, சட்டம் விட்டுவிட்டது. கம்பெனிகளை இப்படி வாங்குவது மேற்கத்திய நாடுகளில் சாதாரணம். கால்பந்து கிளப்பும் ஒரு கம்பெனிதான் என்று எடுத்துக்கொண்டார்கள். யுனைடெட் 1991-லேயே லண்டன் பங்குச்சந்தைக்குப் போய்விட்டது, அன்றைக்கே யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று கதவு திறந்துவிட்டது. 1998-ல் ஸ்கை டிவி 62 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கப் பார்த்தது. ரசிகர்கள் எதிர்த்தார்கள், போட்டியைக் கெடுக்கும் என்று சொல்லி 1999-ல் அரசு தடுத்தது. கிளேசரிடம் டிவி சேனல் இல்லை, அதனால் தடுக்க அந்தக் காரணம் கிடைக்கவில்லை.

கடைசி வாசலைத் திறந்தவர்கள் அயர்லாந்துக்காரர்கள் இருவர், ஜான் மாக்னியரும் ஜே.பி. மெக்மானஸும். அவர்களிடம் 28.7 சதவீதப் பங்கு இருந்தது. இதில் மாக்னியருக்கும் ஃபெர்குசனுக்கும் 'ராக் ஆஃப் ஜிப்ரால்டர்' என்ற பந்தயக் குதிரையின் வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று பெரிய தகராறு நடந்து முடிந்திருந்தது. 2005 மே 12-ஆம் தேதி இருவரும் மொத்தப் பங்கையும் கிளேசருக்கு விற்றார்கள், அத்தோடு முடிந்தது.

வட்டி எவ்வளவு போச்சு? சும்மா பெருசா சொல்றாங்களா?

பெரிதுதான். கடனில் ஒரு பகுதி 'பிக்' வகை, அதாவது வட்டியை அப்போதைக்கப்போது கட்டாமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போகும் கூட்டுவட்டிக் கடன். அதன் வட்டி 14.25 சதவீதத்தில் இருந்து 2010-ல் 16.25 சதவீதம் ஆனது. நம்ம ஊர்க் கணக்கில் மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்றே காலுக்கு மேல், ஒன்றரைக்குக் கீழ், அதுவும் வட்டிக்கு வட்டி. 2006-ல் கடனை மாற்றி எழுதியபோது மொத்தம் 66 கோடி பவுண்ட், வருஷ வட்டி மட்டும் 6 கோடி பவுண்டைத் தாண்டியது. 2010 ஜனவரியில் 50 கோடி பவுண்டுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் கூட்டுவட்டிக் கடனை அடைத்தார்கள்.

2012-ல் நியூயார்க் பங்குச்சந்தையில் ஒரு பங்கு 14 டாலர் என்று விற்றார்களே, அந்தப் பணம் முழுவதும் கடனுக்குப் போகும் என்று ரசிகர்கள் நினைத்தார்கள். பாதி கடனுக்குப் போனது, பாதி குடும்பத்துக்கு. கம்பெனியைப் பதிவு செய்தது கேமன் தீவுகளில். வெளியே விற்ற பங்குக்கு ஒரு ஓட்டு, குடும்பத்தின் பங்குக்குப் பத்து ஓட்டு. பிறகு 2016-லிருந்து 2022 வரை ஈவுத்தொகையும் எடுத்தார்கள், மற்ற பெரிய இங்கிலீஷ் கிளப் முதலாளிகள் அந்தக் காலத்தில் அப்படி எடுத்ததில்லை. வட்டி, கட்டணம், ஈவுத்தொகை எல்லாம் சேர்த்தால் கிளப்பிலிருந்து 100 கோடி பவுண்டுக்கு மேல் வெளியே போயிருக்கிறது.

அப்படின்னா 2005-க்கு அப்புறமும் அஞ்சு தடவை லீக் ஜெயிச்சாங்களே, எப்படி? கடன் அப்போ கடிக்கலையா?

நல்ல கேள்வி, யுனைடெட் பசங்களே இதை மடக்கிக் கேட்பார்கள். 2007, 2008, 2009, 2011, 2013, ஐந்து லீக். 2008-ல் மாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக். எல்லாம் கிளேசர் காலத்தில்தான்.

அதற்குப் பதில் ஃபெர்குசன். ரூனி, ரொனால்டோ, ஃபெர்டினாண்ட், ஸ்கோல்ஸ், கிக்ஸ் எல்லாரும் ஏற்கனவே அங்கே இருந்தார்கள். 2009-ல் ரொனால்டோவை 8 கோடி பவுண்டுக்கு ரியல் மாட்ரிட்டுக்கு விற்ற பிறகு அந்த அளவுக்கு யாரையும் வாங்கவில்லை, இருந்ததை வைத்தே அவர் இழுத்துக்கொண்டு போனார். அந்த வருஷங்களில் மான்செஸ்டர் சிட்டி பயிற்சி வளாகம், இளைஞர் அகாடமி, ஆளெடுக்கும் துறை என்று அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தது. யுனைடெட் வட்டி கட்டிக்கொண்டிருந்தது. 2013 மே மாதம் ஃபெர்குசனும், டிரான்ஸ்ஃபர்களைப் பார்த்துக்கொண்டிருந்த டேவிட் கில்லும் ஒரே நேரத்தில் விலகினார்கள். மறைத்துக்கொண்டிருந்த ஆள் போனதும் எல்லாம் வெளியே தெரிந்தது. அடுத்த சீசனே 7-ஆவது இடம்.

காசு செலவே பண்ணலைன்னு சொல்றது பொய்தானே மாப்ளே? போக்பாவுக்கு எவ்வளவு கொடுத்தாங்க, ஆன்டனிக்கு எவ்வளவு கொடுத்தாங்க?

ஆமாம், செலவு செய்யவில்லை என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். 2016-ல் போக்பாவுக்கு 8 கோடியே 90 லட்சம் பவுண்ட், அப்போது உலக ரெக்கார்டு. 2012-ல் கிட்டத்தட்ட சும்மா விட்ட பையன் அவர், 2022-ல் மறுபடியும் சும்மாவே போனார். 2019-ல் மகுவைருக்கு 8 கோடி, ஒரு டிஃபெண்டருக்கு அன்றைய உச்ச விலை. 2021-ல் சாஞ்சோவுக்கு 7 கோடிக்கு மேல். 2022-ல் ஆன்டனிக்கு 8 கோடிக்கு மேல்.

கேட்க வேண்டியது, யார் செலவு செய்தார்கள், எதைப் பார்த்து செய்தார்கள் என்பது. 2013-க்குப் பிறகு கிளப்பை நடத்தியவர் எட் உட்வர்ட், ஜே.பி. மார்கனில் பேங்கராக இருந்து 2005-ல் கிளேசர்கள் கிளப்பை வாங்க உதவியவர். ஸ்பான்சர் பிடிப்பதில் கெட்டிக்காரர், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கால்பந்தில் அனுபவம் கிடையாது. கால்பந்து விஷயங்களைப் பார்க்க ஒரு டைரக்டரை யுனைடெட் முதன்முதலாக நியமித்ததே 2021 மார்ச்சில்தான். அதுவரை மேனேஜர் மாற மாற, மோயெஸுக்கு ஒரு மாதிரி ஆட்டக்காரர், வான் காலுக்கு வேறு மாதிரி, மொரீன்யோவுக்கு இன்னொரு மாதிரி, சோல்ஷருக்கு அதற்கும் எதிர்ப்பதம். ஒருவர் வாங்கியவரை அடுத்தவருக்குப் பிடிக்காது, சம்பளமோ பெரியது, விற்கவும் முடியாது. நடுவில் கோப்பைகள் வந்தன, 2016-ல் எஃப்.ஏ. கோப்பை, 2017-ல் லீக் கோப்பையும் (இது லீக் பட்டம் இல்லை, தனி நாக்-அவுட் போட்டி) யூரோப்பா லீக்கும், 2023-ல் லீக் கோப்பை, 2024-ல் எஃப்.ஏ. கோப்பை. அதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒவ்வொரு முறையும் தங்களையே நம்ப வைத்துக்கொண்டார்கள்.

ஜெர்சி விற்குமா, இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று பார்த்து ஆளெடுத்தால் அணி உருவாகாது. நடுக்களத்தில் பந்தைப் பறிக்க ஆள் வேண்டிய வருஷத்தில் பெயர் பெற்ற முன்வரிசைக்காரரை வாங்குவது லாபக் கணக்கின் வேலை.

இவ்வளவு கேவலமா ஆடியும் காசு எப்படிண்ணே கொட்டுது?

15-ஆவதாக வந்த அதே 2024-25-ல் யுனைடெட்டின் வருமானம் 66 கோடியே 65 லட்சம் பவுண்ட், கிளப் வரலாற்றிலேயே அதிகம். ஆனாலும் அந்த வருஷம் நஷ்டம்தான். ஷெவர்லே 2012-ல் ஏழு சீசன் ஜெர்சிக்கு 55 கோடியே 90 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டது. அடிடாஸ் பத்து வருஷத்துக்கு 75 கோடி பவுண்ட். டிராக்டருக்கு ஒரு கூட்டாளி, நூடுல்ஸுக்கு ஒரு கூட்டாளி என்று பிரித்துப் பிரித்து விற்றார்கள். நம்ம நாட்டு அப்போலோ டயர்ஸ் 2013-லிருந்து, ஹெச்.சி.எல். 2015-லிருந்து அங்கே இருந்தார்கள்.

இந்த வருமானம் பெரும்பாலும் ஃபெர்குசன் காலத்தில் உலகம் முழுக்க, காரைக்குடி உட்பட, சேர்ந்த ரசிகர்களின் பாசத்திலிருந்து வருகிறது. தோற்றாலும் அவர்கள் பார்ப்பார்கள் என்று முதலாளிக்குத் தெரியும். எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஸ்டேடியம் மழைக்கு ஒழுகுதுன்னு வீடியோ பாத்தேன், நிஜமா எடிட்டா?

நிஜம். 2024 மே மாதம் ஆர்சனல் மேட்ச் முடிந்ததும் பெய்த மழையில் ஓல்ட் ட்ராஃபோர்டு கூரையின் ஒரு மூலையிலிருந்து அருவி மாதிரி கொட்டியது. 1910-ல் திறந்த மைதானம், 2006-க்குப் பிறகு பெரிதாக எந்த விரிவாக்கமும் செய்யவில்லை. இதே காலத்தில் லிவர்பூல் தன் மைதானமான ஆன்ஃபீல்டில் இரண்டு ஸ்டாண்டுகளைப் பெரிதாக்கி 61,000 இருக்கைக்குக் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் 1 லட்சம் பேர் உட்காரும் புது மைதானம் கட்டுவதாக யுனைடெட் அறிவித்திருக்கிறது, செலவு சுமார் 200 கோடி பவுண்ட். கடனைப் பற்றி மேலே சொன்னதைப் படித்தவர்களுக்கு அடுத்து என்ன கேள்வி வரும் என்று தெரியும்.

பொம்பளைங்க டீமை கிளேசர்தான் கலைச்சாருன்னு சொல்றாங்களே?

இதில் நியாயமாகப் பேச வேண்டும். பெண்கள் அணியைக் கலைக்கும் முடிவு 2005 தொடக்கத்தில், அவர்கள் கைக்குக் கிளப் வருவதற்குச் சற்று முன்னால் எடுத்தது. ஆனால் மறுபடி தொடங்க 2018 வரை ஆனது, அந்த 13 வருஷத்துக்கு அவர்கள்தான் பொறுப்பு.

ரசிகர்கள் சும்மாவா இருந்தாங்க?

இல்லை. 2005-லேயே ஒரு கூட்டம் வெளியேறி எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று ரசிகர்களே சொந்தமாக வைத்திருக்கும் கிளப்பைத் தொடங்கினார்கள், இன்றும் கீழ் டிவிஷனில் ஆடுகிறது. 2010-ல் சிவப்பை விட்டுவிட்டு, கிளப் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் இருந்த காலத்துப் பச்சை-மஞ்சள் துண்டைப் போட்டு வந்தார்கள். இத்தாலியின் ஏ.சி. மிலானுக்காக அங்கே வந்து ஆடிய பழைய யுனைடெட் நட்சத்திரம் பெக்காமே ஆட்டம் முடிந்து அந்தத் துண்டைக் கழுத்தில் போட்டார்.

2021 ஏப்ரலில் பன்னிரண்டு பணக்காரக் கிளப்புகள் சூப்பர் லீக் என்று தனிக்கடை போட்டன, ஜோயல் கிளேசர் அதன் துணைத்தலைவர். இரண்டே நாளில் இங்கிலீஷ் கிளப்புகள் பின்வாங்கின. மே 2 அன்று யுனைடெட்–லிவர்பூல் மேட்ச். இங்கே சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த நாள், எல்லா வீட்டிலும் டிவியில் ஓட்டு எண்ணிக்கை. ராத்திரி ஒன்பது மணிக்கு நாங்கள் சேனல் மாற்றினால் ரசிகர்கள் மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள், ஆட்டம் தள்ளிப்போனது. பதினோரு நாள் கழித்து நடந்த அந்த ஆட்டத்தில் நாங்கள் 4-2 என்று ஜெயித்தோம். ஆனால் மே 2-ல் அவர்கள் செய்ததற்கு நான் மனசார மரியாதை கொடுக்கிறேன்.

இப்பதான் ராட்கிளிஃப் வந்துட்டாரே, இன்னும் ஏன் கிளேசரைத் திட்டுறீங்க?

பிரிட்டன் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் 2024 பிப்ரவரியில் பங்கு ஒன்றுக்கு 33 டாலர் கொடுத்து கால் பங்குக்குச் சற்று மேல் வாங்கினார், கட்டுமானத்துக்காகத் தனியாக 30 கோடி டாலர் போடுவதாகவும் ஒப்புக்கொண்டார். கால்பந்து முடிவுகள் அவர் கையில். பெரும்பான்மை ஓட்டு இன்னும் கிளேசர் குடும்பத்திடம்தான்.

அவர் வந்ததும் கத்தியை எடுத்தார். முதல் சுற்றில் சுமார் 250 ஊழியர்களுக்கு வேலை போனது, 2025-ல் இன்னொரு சுற்று. ஊழியர்களின் இலவச மதியச் சாப்பாடு நின்றது. மிச்சமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளை சீசன் நடுவில் 66 பவுண்ட் ஆக்கினார்கள், பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் சலுகை கிடையாது. பயிற்சி வளாகத்தைப் புதுப்பித்தபோது பெண்கள் அணியைத் தற்காலிகக் கேபின்களுக்கு அனுப்பிவிட்டு அவர்கள் கட்டடத்தை ஆண்கள் அணிக்குக் கொடுத்தார்கள். மறுபக்கம், மேனேஜர் டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டி அக்டோபரில் நீக்கினார்கள், டைரக்டராகக் கொண்டுவந்த டான் ஆஷ்வொர்த் ஐந்து மாதத்தில் போனார். இந்த விலகல்களுக்கு மட்டும் 1 கோடியே 45 லட்சம் பவுண்ட். கேன்டீன் சாப்பாட்டில் மிச்சம் பிடித்தது எந்த மூலைக்கு?

அண்ணே, கோபப்படக்கூடாது. உங்க லிவர்பூலும் அமெரிக்கக்காரன் கையிலதானே இருக்கு? அவன் மட்டும் தர்மத்துக்கா நடத்துறான்?

கோபமில்லை, இதைக் கேட்காமல் இந்தப் பக்கம் முழுமையாகாது. லாபத்துக்குத்தான் நடத்துகிறார்கள். அதைவிட, யுனைடெட்டுக்கு வந்த அதே நோய் எங்களுக்கும் வந்தது. 2007 பிப்ரவரியில் டாம் ஹிக்ஸ், ஜார்ஜ் ஜில்லெட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கடனில் லிவர்பூலை வாங்கினார்கள். அறுபது நாளில் புது மைதானத்துக்கு மண்வெட்டி போடுவோம் என்றார்கள், போடவே இல்லை. கடன் ஏறியது, நல்ல ஆட்டக்காரர்கள் போனார்கள், 2010 அக்டோபரில் லீக் பட்டியலில் கடைசி மூன்று இடங்களுக்குள் கிடந்தோம். கடன் கொடுத்த பேங்க் கெடு வைத்தது. லண்டன் நீதிமன்றம் வரை போய்த்தான் 30 கோடி பவுண்டுக்குக் கிளப் இப்போதைய முதலாளிகளான ஃபென்வே குழுவிடம் வந்தது. எங்களைக் காப்பாற்றியதே அந்தப் பேங்க் பொறுமை இழந்ததுதான். கிளேசர்களின் வருமானம் வட்டி கட்டப் போதுமானதாக இருந்ததால் அவர்களை அப்படி யாரும் நெருக்கவில்லை.

ஃபென்வே குழுவுக்கு நான் பல்லக்குத் தூக்கமாட்டேன். 2016 பிப்ரவரியில் 77 பவுண்ட் டிக்கெட் என்று அறிவித்தார்கள். சண்டர்லாண்ட் மேட்ச்சில் 77-ஆவது நிமிடம் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து வெளியே போன பிறகுதான் பின்வாங்கினார்கள். சூப்பர் லீக்கிலும் கையெழுத்துப் போட்டார்கள், குழுவின் முக்கிய முதலாளி ஜான் ஹென்றி வீடியோவில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் கிளப்பை வாங்கிய கடனைக் கிளப் தலையில் கட்டவில்லை, கால்பந்து தெரிந்தவர்களிடம் கால்பந்தைக் கொடுத்தார்கள், வந்த காசு ஸ்டாண்டாகவும் ஆட்டக்காரராகவும் மாறியது. லாபம் பார்க்கிற இரண்டு முதலாளிகளுக்கு நடுவில் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்க முடியும்.

எதிரி விழுந்தா கொண்டாட வேண்டியதுதானே, நீங்க ஏன் வருத்தப்படுறீங்க?

களத்தில் விழுந்தால் கொண்டாடுவேன். 2023 மார்ச்சில் 7-0 என்று அடித்த ராத்திரி நான் தூங்கவில்லை, சந்தோஷத்தில். ஆனால் கேன்டீனில் வேலை பார்த்தவரும், பேரனைக் கூட்டிக்கொண்டு வரும் தாத்தாவும் எனக்கு எதிரி இல்லை. அவர்கள் கிளப் ஆட்டத்தில் தோற்பதற்கு முன்னாலேயே கணக்குப் புத்தகத்தில் தோற்கடிக்கப்பட்டது, அதில் எங்கள் டீமுக்கு ஒரு பெருமையும் இல்லை.

யுனைடெட் பசங்களை வம்பிழுக்க எது வேணா சொல்லலாமா?

பட்டங்கள், 7-0, 15-ஆவது இடம், எல்லாம் சொல்லுங்கள். 1958 மியூனிக் விமான விபத்தைத் தொடாதீர்கள், எட்டு ஆட்டக்காரர்கள் உட்பட 23 பேர் இறந்தார்கள். அவர்களும் 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் இறந்த எங்கள் ரசிகர்கள் 97 பேரைத் தொடக்கூடாது. நம்ம குரூப்பில் இதை மீறுகிறவர்களை நானே எடுத்துவிடுவேன்.

இது மறுபடி எந்த கிளப்புக்கும் நடக்காம இருக்க வழியே இல்லையா?

ஜெர்மனியில் 50+1 என்று ஒரு விதி, பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டு உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும். அங்கே கிளேசர் மாதிரி வாங்கவே முடியாது. இங்கிலாந்தில் 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது, கிளப்புகளின் கணக்கையும் முதலாளிகளையும் சோதிக்கத் தனி ஒழுங்குமுறை அமைப்பு வந்திருக்கிறது. பழைய கடன் அதனால் மறையாது, புதிதாக வருகிறவர்களையாவது கேள்வி கேட்கும்.

நான் யுனைடெட் ரசிகன்ணே. ஒரிஜினல் ஜெர்சி வாங்குனா காசு கிளேசருக்குத்தானே போகும், வாங்கலாமா வேண்டாமா?

அடிடாஸ் கொடுக்கும் பெரிய தொகை ஏற்கனவே ஒப்பந்தத்தில் எழுதியாயிற்று, உன் ஒரு ஜெர்சியால் பெரிய மாற்றம் வராது. மான்செஸ்டரிலேயே பலர் கிளப் கடையில் வாங்குவதை நிறுத்திவிட்டு, மேலே சொன்ன பச்சை-மஞ்சள் துண்டைப் போட்டார்கள். அது பிடித்தால் அதைச் செய். ஆசையாக இருந்தால் சிவப்பையே வாங்கிப் போடு, டீம் உன்னுடையது. அடுத்த லிவர்பூல் மேட்ச்சுக்கு அதைப் போட்டுக்கொண்டே வா, உனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.